வளைவில் ஹோன் அடிப்பவள்

கோலா பிலா, மலேசியா,
புதன்கிழமை.

அன்பு அண்ணனுக்குத் தங்கை குமுதவல்லி வணக்கத்துடன் எழுதுவது. நானும் அவரும் ஷாமினியும் இங்கே இருக்கிற இருப்பில் நன்றாகவே இருக்கிறோம். துறையூரில் நீயும் அண்ணியும் பிள்ளைகளும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், மீதியை நிதானமாகப் படித்துக்கொள். நான் வரவில்லை. எனக்கும் ஷாமினிக்கும் நீ எடுத்து அனுப்பிய இரண்டு விமான டிக்கெட்டையும் ரத்து செய்துவிடு. கொஞ்ச நாள் வந்து இரு, மனசு ஆறட்டும் என்று நீ சொன்னதன் அர்த்தம் எனக்குத் தெரியாமல் இல்லை. கால் விளங்காமல் போன புருஷனை விட்டுவிட்டுப் பிள்ளையோடு வந்து சேர் என்பதைத்தான் நீ நாசூக்காகச் சொல்லியிருக்கிறாய். உனக்கு நாசூக்கு வராது அண்ணே, விட்டுவிடு.

இதை ஏன் போனில் சொல்லவில்லை என்று கேட்பாய். போனில் நான் அரை வாக்கியம் முடிப்பதற்குள் நீ கத்த ஆரம்பித்துவிடுகிறாய். இத்தனை வருஷம் மலைப் பாதையில் பஸ் ஓட்டிய தொண்டை, லேசில் அடங்காது. கடிதத்தில் நீ குறுக்கே புக முடியாது, நான்தான் பேசுவேன். எங்கள் தோட்டத்து முச்சந்தியில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் ஹாஜரா அக்காவைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன். அவருடைய தம்பி யாக்கூப் வெள்ளிக்கிழமை விமானத்தில் திருச்சி வருகிறார். அவர் கையில்தான் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். வீட்டுக்கு வந்தால் அவருக்குச் சாப்பாடு போட்டு அனுப்பு.

அந்த நாட்டு ரோடு மாப்பிள்ளை காலை வாங்கிவிட்டது, அடுத்து உன்னையும் பிள்ளையையும் வாங்கிவிடும் என்று சொன்னாயே, ரோட்டைப் பற்றி நீ சொன்னதில் தப்பே இல்லை. நானே உனக்குச் சாட்சி சொல்வேன். இந்த ஊர் மனிதர்களை நடந்து போகும்போது பார்த்தால் தங்கம் என்பாய். கடையில் எனக்கு முன்னால் நிற்கிறவர், பிள்ளையோடு நிற்கிறேனே என்று ‘நீங்க முதல்ல வாங்கிக்கோங்கலா’ என்று இந்த ஊர் ‘லா’ போட்டுச் சொல்லி ஒதுங்கி நிற்பார். அதே மனிதர் காடிக்குள் ஏறிக் கதவைச் சாத்தினால் ஆளே வேறு. காடி என்றால் இங்கே கார், மாட்டுவண்டி என்று நினைத்து அண்ணியிடம் சொல்லிச் சிரிக்காதே. என் காடியின் முதுகில் ஒட்டிக்கொண்டே வருவார். இரட்டைக் கோட்டைத் தாண்டி வளைவிலேயே முந்துவார். சிக்னல் போட மட்டும் கை வராது. எந்தப் பக்கம் திரும்பப் போகிறார் என்பது குடும்ப ரகசியம் போலிருக்கிறது.

மழை பெய்தால் நான்கு விளக்கையும் மினுக்கிக்கொண்டே ஓடுவார்கள். எது நிற்கிறது, எது போகிறது என்று பின்னால் வருகிறவன் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டியதுதான். பெல்ட் போடாவிட்டால் காடி கத்துமே, அந்தச் சத்தத்தை அடக்குவதற்கென்றே ஒரு கொக்கி பசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், விற்கிறது. பெல்ட் மாட்டுவதைவிடக் கொக்கியைச் செருகுவது சுலபமாம். மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் எதிர்க்காற்றுக்காக ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டிக்கொள்வார்கள். நான் வந்த புதிதில், கழுத்து திருகிப்போன ஒருவர் மோட்டார் ஓட்டிக்கொண்டு போகிறார் என்று பயந்து, பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் தோளைப் பிடித்து உலுக்கினேன். அதைச் சொல்லி இன்னும் என்னைக் கேலி செய்வார். தோட்டத்துக்குள் வந்துவிட்டால் ஹெல்மெட் கிடையாது. ‘நம்ப ரோடுதானே’ என்பார்கள். நம்ப ரோட்டில் விழுந்தால் மண்டை உடையாது என்று யார் இவர்களுக்கு எழுதிக் கொடுத்தார்களோ தெரியவில்லை.

நம் ஊர் ரொம்ப யோக்கியம் என்று நான் சொல்ல வரவில்லை. அங்கே எருமைக்கும் ஹார்ன் அடிப்பீர்கள், எறும்புக்கும் அடிப்பீர்கள். பஸ் ஸ்டாண்டில் நின்றால் காது செவிடாகிவிடும். இங்கே நேர் எதிர். ஹார்னை இவர்கள் ஹோன் என்பார்கள், எனக்கும் அதுவே வாயில் வருகிறது. ஹோன் அடித்தால் இங்கே ஏசியதாக அர்த்தம். ஏசுவது என்றால் திட்டுவது. ஒருமுறை கோலா பிலா டவுனில் முன்னால் நின்ற காடி பச்சை விளக்கு விழுந்தும் நகரவில்லை. நம் ஊர்ப் பழக்கத்தில் ஒரு தட்டுத் தட்டினேன். அந்த ஆள் இறங்கி வந்து, கண்ணாடியைத் தட்டி, நான் உங்களுக்கு என்ன செய்தேன் என்று மலாயில் கேட்டார். கோபமாகக்கூட இல்லை. மனம் நொந்துபோய்க் கேட்டார். ஷாமினி பின்சீட்டில் குனிந்து ஒளிந்துகொண்டாள்.

இவ்வளவு மரியாதை பார்க்கிற இதே ஊரில்தான் அவர் கால் போனது. எப்படிப் போனது என்று உனக்கு நான் முழுதாகச் சொன்னதில்லை. லோரி மோதிவிட்டது என்று மட்டும் சொன்னேன். இப்போது சொல்கிறேன்.

எங்கள் குடியிருப்பிலிருந்து எண்ணெய் மில்லுக்கும் டவுனுக்கும் போகும் தோட்டத்து ரோட்டில், பாலத்தைத் தாண்டியதும் ஒரு வளைவு. இரண்டு பக்கமும் செம்பனை மரங்கள், மட்டை ரோட்டுக்கு மேலேயே தொங்கும். எதிரே வருவது மூக்குக்கு நேராக வந்த பிறகுதான் தெரியும். அன்று காலை அவர் மோட்டாரில் மில் வேலைக்குப் போகிறார். மில்லில் செம்பனைக் குலைகளை இறக்கிவிட்டுக் காலி லோரியோடு எதிரே வருகிறான் தர்மராஜ். இவரை அண்ணன் அண்ணன் என்று சுற்றி வருகிறவன், நல்ல பையன். இடித்த பிறகு இவரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியதும் அவன்தான்.

ஆஸ்பத்திரியில் என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். என்ன சொன்னான் தெரியுமா? ‘மரத்துச் சந்துல அண்ணனோட மோட்டார பாத்துட்டேன்கா. கை ஹோனுக்குப் போயிருச்சு. காலங்காத்தால அண்ணன ஏசுன மாதிரி ஆயிருமேன்னு கைய எடுத்துட்டேன்’ என்றான். ஹோனை விட்டுவிட்டு பிரேக்கை மிதித்திருக்கிறான். முதல் நாள் பெய்த மழையில் ரோடெல்லாம் செம்மண் சேறு. லோரி நிற்காமல் வழுக்கிக்கொண்டே வந்துவிட்டது.

இதைக் கேட்டு எனக்கு வயிறு எரிகிறது. கட்டிலில் காலைக் கட்டித் தொங்கவிட்டுப் படுத்திருக்கிற இந்த மகான் என்ன சொல்கிறார் கேள். ‘விட்றா தர்மா, லோரி சத்தம் எனக்கும் கேட்டுச்சி, நானும்தான் ஹோன் அடிக்கல’ என்று அவனைத் தேற்றுகிறார். இரண்டு பேர் மண்டையையும் சேர்த்து முட்டவைக்கலாமா என்றிருந்தது எனக்கு. ஒருவருக்கொருவர் மரியாதை கொடுத்துக்கொண்டே போய் இடித்துக்கொண்டவர்களை நீ எங்காவது பார்த்திருக்கிறாயா அண்ணே? பச்சைமலை ஏறுகையில் ஒவ்வொரு வளைவிலும் நீ அடிக்கிற ஹோன் அடிவாரம் வரைக்கும் கேட்குமே, அதில் எவனாவது உன்மேல் வருத்தப்பட்டிருக்கிறானா?

அதற்குப் பிறகு ஊரார் செய்ததையும் கேள். வளைவுக்குப் பசி என்று முடிவு கட்டினார்கள். சேவல் அறுத்து, பூசணிக்காயில் குங்குமம் தடவி வளைவின் நடுவிலேயே போட்டு உடைத்தார்கள். அள்ளிப் போட ஒருவருக்கும் தோன்றவில்லை, கழித்ததைத் தொடக் கூடாதாம். மறுநாள் காலையில் அந்தப் பூசணியில் வழுக்கி இன்னொரு மோட்டார் விழுந்தது. நல்லவேளை, சிராய்ப்போடு போயிற்று. ‘பாத்தீங்களா, பசி இன்னும் அடங்கல’ என்றார்கள். நான் வாளியும் துடைப்பமும் எடுத்துக்கொண்டு போய் எல்லாவற்றையும் கழுவிவிட்டு வந்தேன். எனக்கு இன்றுவரை ஒன்றும் ஆகவில்லை.

தோட்டத்து ஆபீசுக்கும் நடையாக நடந்தேன். அவர்கள் பாவம், வளைவின் இரண்டு முனையிலும் கம்பம் நட்டு உருண்டைக் கண்ணாடி வைத்துக் கொடுத்தார்கள். ஒன்றை லோரியில் துருத்திக்கொண்டிருந்த குலை இடித்து உடைத்தது. இன்னொன்று ஒருநாள் காணாமலே போய்விட்டது, யார் வீட்டில் தலை சீவிக்கொண்டிருக்கிறார்களோ. வெறும் கம்பம் இரண்டு மிச்சம்.

இதற்குள் நான் இங்கே லைசென்ஸ் எடுத்து, பழைய காடி ஒன்றை வாங்கி ஓட்ட ஆரம்பித்துவிட்டேன். ஷாமினியைப் பள்ளிக்கும் அவரைச் சிரம்பான் ஆஸ்பத்திரிக்கும் வேறு யார் கொண்டுபோவது? பாலம் தாண்டியதும் ஹோனில் கை வைப்பேன், வளைவு முடிந்துதான் எடுப்பேன். தோட்டம் முழுக்க எனக்கு ஹோன் அக்கா என்று பெயர். புதிதாக வந்தவர்களிடம், அது இந்தியாக்காரப் பொண்ணு, அதுக்குக் கொஞ்சம் சத்தம் வேணும் என்று என்னைப் பற்றி எடுத்துச் சொல்கிறார்கள். சொல்லிக்கொள்ளட்டும். இவருக்குத்தான் பொறுக்கவில்லை. ‘இந்த ஊர்ல நான் தலை நிமிந்து நடந்தவன், என் மானத்த வாங்குற’ என்கிறார். தலை நிமிர்ந்து நடக்க முதலில் கால் வேண்டும், ஒழுங்காக நடைப் பயிற்சி செய்யுங்கள் என்று நானும் சொல்லிவிட்டேன். கடுமையாகத்தான் சொன்னேன், எனக்குத் தெரியும். வேறு எப்படிச் சொல்வது?

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். டவுனுக்குப் போகிற வழியில், மரத்தடியில், ஒரு முனியாண்டி சாமி உண்டு. ஒரு கல், ஒரு சூலம், அவ்வளவுதான். ஒருநாள் தர்மராஜ் லோரிக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தேன். அந்த மரத்தைத் தாண்டும்போது பாம் பாம் பாம் என்று அழகாக மூன்று முறை ஹோன் அடிக்கிறான். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார். அவன் ஹாஜரா அக்கா கடையில் தேத்தண்ணி குடிக்க நிறுத்தினான். விடவில்லை, நானும் நிறுத்தினேன். கல்லுக்கு அடிப்பாய், மனுஷனுக்கு அடிக்க மாட்டாயா என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். அவன் முகம் வாடிப்போயிற்று. ‘சாமிக்கு அடிச்சா மரியாதைக்கா, ஆளுக்கு அடிச்சா ஏச்சுக்கா’ என்றான். ஹாஜரா அக்காவும் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டே, அவன் சொல்றது சரிதான் புள்ள, அந்த எடத்துல என் மவன்கூட ஒரு தட்டுத் தட்டிட்டுத்தான் போவான் என்றார்.

நான் நேராகக் கோயில் தலைவரிடம் போனேன். திருநாவுக்கரசு என்று பெயர், மில்லில் கிராணியாக, அதாவது கணக்குப் பிள்ளையாக, இருந்து ஓய்வு பெற்றவர். வளைவின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு சூலம் நட்டுக் கொடுங்கள் ஐயா, எல்லோரும் ஹோன் அடித்துவிட்டுத் திரும்புவார்கள் என்று கேட்டேன். அவர் கமிட்டியைக் கூட்டினார். சாமி உன் கனவில் வந்து இடம் கேட்டதா என்று சபையில் என்னைக் கேட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே பொங்கல் வைத்திருப்பார்கள். பக்கத்தில் இருந்த பெண்கள் ஆமான்னு சொல்லு, ஆமான்னு சொல்லு என்று என் இடுப்பைக் கிள்ளினார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை அண்ணே. கனவில் யாரும் வரவில்லை, உடைந்த கால் ஒன்றைத்தான் தினமும் விழித்துக்கொண்டே பார்க்கிறேன், அது போதாதா என்று கேட்டேன். கனவு இல்லாவிட்டால் சூலம் இல்லை என்று கூட்டத்தை முடித்துவிட்டார்கள்.

சரி, சூலம்தானே இல்லை. மறுநாள் காலையில் ஷாமினியைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து, கண்ணாடி போன அந்த இரண்டு கம்பத்துக்கும் அடியிலிருந்து நுனி வரைக்கும் மஞ்சளைக் குழைத்துப் பூசி, மூன்று இடத்தில் குங்குமம் வைத்துவிட்டு வந்தேன். ஒளித்துச் செய்யவில்லை. குலை வெட்டுகிற ஆட்கள் அத்தனை பேரும் நின்று வேடிக்கை பார்த்தார்கள். இது என்ன சாமி அக்கா என்று கேட்டவர்களுக்கெல்லாம், சாமி இல்லை, கண்ணாடிக் கம்பம், வளைவு வருகிறது என்று ஞாபகப்படுத்த மஞ்சள் பூசியிருக்கிறேன் என்றுதான் சொன்னேன். கேட்டுவிட்டு, தலைப்பாகையை அவிழ்த்துவிட்டு, தூரமாகத் தள்ளி நின்றார்கள்.

திருநாவுக்கரசு ஐயா வந்தார். யாரைக் கேட்டுச் செய்தாய் என்று குதித்தார். யாரையும் கேட்கவில்லை, பிடிக்காவிட்டால் துடைத்துவிடுங்கள் என்று ஈரத் துணியை நீட்டினேன். துணியைப் பார்த்தார், கம்பத்தைப் பார்த்தார், கூடியிருந்தவர்களைப் பார்த்தார். துணியை வாங்க அவர் கை வரவில்லை. வேறு யாராவது துடைக்கட்டுமே என்று கமிட்டி ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். ஒவ்வொருவருக்கும் அவசரமாக ஒரு வேலை வந்துவிட்டது. இந்தத் தோட்டத்தில் மஞ்சளைப் பூச ஆயிரம் பேர் கிடைப்பார்கள், துடைக்க ஒருத்தன் கிடைக்க மாட்டான்.

அன்று மாலையே தர்மராஜ் வளைவில் ஹோன் அடித்தான். அடுத்து பள்ளி வேன். பிறகு மோட்டார்காரர்கள் எல்லோரும். யாரோ எலுமிச்சம்பழம் குத்தினார்கள், யாரோ அரளி மாலை போட்டார்கள். மில்லுக்கு வரும் சீனர் ஒருவர் ஊதுபத்தி ஏற்றிவிட்டுப் போகிறார். மலாய்க்காரப் பிள்ளைகள் கும்பிட மாட்டார்கள், ஆனால் எதிரே ஹோன் கேட்டால் வேகத்தைக் குறைத்து ஓரமாக வந்துவிடுகிறார்கள். எனக்கு அது போதும். இப்போது தலைவருக்கே ஆசை வந்துவிட்டது. அங்கே தகரக் கொட்டகை போட்டு வருஷா வருஷம் பூஜை வைக்கலாம் என்கிறார். கொட்டகை போட்டால் ரோடு மறையும், ஒரு தகரம் வைத்தாலும் நானே பிடுங்கிப் போடுவேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். கம்பம் கம்பமாகவே இருக்கட்டும்.

இதிலும் என் வீட்டுக்காரருக்குத் திருப்தி இல்லை. ஊரையே ஏமாற்றிவிட்டாய் என்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. எல்லோரிடமும் உண்மையைத்தானே சொன்னேன், நம்பாதது அவர்கள் பாடு என்றேன். கொஞ்ச நாளாகவே எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார். சோறு குழைந்துவிட்டது, காப்பி ஆறிவிட்டது, நீ நடக்கிற சத்தம் தலையை வலிக்கிறது என்கிறார். மில்லில் உட்கார்ந்து பார்க்கிற வேலை தருகிறோம் என்று வந்து கேட்டார்கள், வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார். காடியில் அந்த வளைவு வந்தால் கண்ணை இறுக மூடிக்கொள்வார். என் மேல் உள்ள வெறுப்பு என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் உனக்குப் போன் போட்டேன். நீ வண்டியில் இருந்தாய், அண்ணி எடுத்தார்கள். ஏன் இன்னும் பதில் சொல்லவில்லை, மாப்பிள்ளையே வாய்விட்டுக் கேட்ட பிறகு உனக்கென்ன தயக்கம் என்று சொல்லிவிட்டு, சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். அதற்குள் நான் பிடித்துக்கொண்டேன். மிச்சத்தையும் வாங்காமல் விடவில்லை. அண்ணியை ஏசாதே, என்னிடம் மாட்டினால் நீயும்தான் உளறியிருப்பாய்.

ஆக, அவரே உன்னைக் கூப்பிட்டு, இரண்டு பேருக்கும் டிக்கெட் எடுத்து அனுப்புங்கள், நான் சொன்னதாகத் தெரிய வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். நீயும் சரி மாப்பிள்ளை என்று தலையாட்டியிருக்கிறாய். நான் அங்கே போய் நன்றாக இருப்பேனாம். அவர் இங்கே தனியாகக் கட்டையை ஊன்றிக்கொண்டு சமாளித்துக்கொள்வாராம். காப்பி ஆறிவிட்டதும் சோறு குழைந்ததும் எதற்கென்று இப்போதுதான் புரிகிறது. நான் வெறுத்துப்போய்க் கிளம்பட்டும் என்று அந்த மனிதர் பாடுபட்டிருக்கிறார்.

அன்றைக்கு எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. என்னை வைத்துக்கொண்டு என்னைக் கேட்காமல் நீங்கள் இருவரும் முடிவு செய்ய நான் என்ன பார்சலா? அவர் கேட்டால், அவளிடமே கேளுங்கள் மாப்பிள்ளை என்று உன்னால் ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லையா? என் மேல் உள்ள பாசத்தால்தான் செய்தாய், தெரியும். அவரும் பாசத்தால்தான் செய்தார். லோரியில் வந்தவனும் மோட்டாரில் வந்தவனும் மரியாதையால்தானே சும்மா இருந்தார்கள்? வாயைத் திறக்காமல் நல்லது செய்கிறவர்களைக் கண்டாலே எனக்கு இப்போது பயமாக இருக்கிறது.

அவரிடம் நான் இதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் இன்னும் சுருங்கிப்போவார்.

நேற்று அவரைச் சிரம்பானுக்குக் கூட்டிப்போனேன். ஷாமினிக்குப் பள்ளி விடுமுறை, பின்னால் உட்கார்ந்திருந்தாள். பாலம் தாண்டும்போது அவளுடைய தண்ணீர்ப் போத்தல் உருண்டு என் காலடிக்கு வந்துவிட்டது. பிரேக்குக்குக் கீழே போய்விடுமோ என்று காலால் தள்ளிக்கொண்டிருந்தேன். ஹோனில் கை வைக்க ஒரு நொடி பிந்திவிட்டது. அதற்குள் பக்கத்திலிருந்து அவர் கை குறுக்கே வந்து ஹோனை அழுத்தியது. கண்ணை வழக்கம் போல இறுக மூடிக்கொண்டிருக்கிறார், கை மட்டும் எடுக்கவே இல்லை. வளைவு முடிந்து, நேர் ரோடு வந்து, ஷாமினி, ‘அப்பா, போதும்பா’ என்று சொன்ன பிறகுதான் எடுத்தார். எதிரே ஒன்றும் வரவில்லை. அதற்காக எனக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. வாழ்வதில் ஆசை இல்லாதவர் ஹோன் அடிக்க மாட்டார் அண்ணே.

நான் அழுததை அவர் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன், பார்த்திருந்தாலும் பரவாயில்லை. சிரம்பான் வழியில் இருக்கிற புக்கிட் புத்துஸ் மலை ஏற்றத்தில்தான் வாயைத் திறந்தார். ‘இந்த ஹோன் பத்தாது குமுதா. கொசு கத்துற மாதிரி இருக்கு. எங்க மில் லோரியில உள்ளவனுக்குக் கேக்காது’ என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு, ‘உன் அண்ணன் ஊர்ல கனமா ஒண்ணு பூட்டுவாங்களே, அத வாங்கி அனுப்பச் சொல்லு. நானே மாட்டிர்றேன், அதுக்குக் கால் வேணாம்’ என்றார்.

அண்ணிக்கு என் அன்பைச் சொல். பிள்ளைகளை நன்றாகப் படிக்கச் சொல். நீ மலை ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவையும் உன் எதிரே வருகிறவனுக்குக் கண்ணும் காதும் திறந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

யாக்கூப் பத்து நாளில் திரும்புகிறார். அவர் கையில் நல்ல கனத்த இரட்டை ஹோனாகப் பார்த்துக் கொடுத்தனுப்பு, காருக்குப் பொருந்துவதாக இருக்கட்டும். உன் மாப்பிள்ளை முன்பு உன்னிடம் கேட்டதை நீ காதில் வாங்கியதாகவே வைத்துக்கொள்ள வேண்டாம். இதைத்தான் கேட்டார். வந்து சேர்ந்ததும் அவருக்கே போன் போட்டு, கிடைத்ததா மாப்பிள்ளை, சத்தம் போதுமா என்று விசாரி அண்ணே.

உன் தங்கை,
குமுதவல்லி குணாளன்.